“நான் போலியோ?” என்னும் வஸ்வாஸ்



பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளை சந்தோஷமாக இருப்பாள் என்றுதான் நாம் எண்ணுகிறோம். பல்கலைக்கழகம் புகுந்து, பட்டமும் பெற்று, நல்ல தொழிலும் கிடைத்துவிட்டால் இனி அவளுக்கு என்ன குறை என்று உம்மாவும் வாப்பாவும் நிம்மதியடைகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கக் கூடும். “இந்த இடத்துக்கு எனக்குத் தகுதியில்லை. எப்படியோ உள்ளே வந்துவிட்டேன். என்னைக் கெட்டிக்காரி என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒருநாள் வெளியாகிவிடும். அன்றைக்கு என் மானம் போய்விடும்.”

களவெடுக்காத ஒருத்தி கள்ளியைப் போலப் பயந்து பயந்து வாழ்வது எவ்வளவு பரிதாபம்! சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்.

இந்த உணர்வுக்கு 1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெயர் வைத்தவர்கள் இரண்டு பெண்கள். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அந்த உளவியலாளர்கள், கல்வியிலும் தொழிலிலும் உயர்ந்து நின்ற 150க்கு மேற்பட்ட பெண்களிடம் பழகி ஆராய்ந்தார்கள். பட்டங்களும் பாராட்டுகளும் நிறைந்திருந்தும், “நாங்கள் மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம்” என்ற எண்ணம் அவர்களை அரித்துக்கொண்டிருந்தது. வெற்றி வந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். தோல்வி வந்தால் அதுதான் தங்களுடைய உண்மையான தரம் என்பார்கள். பிற்பட்ட ஆய்வுகளில் ஆண்களுக்கும் இது உண்டு என்று தெரியவந்தது. இதை ஒரு நோய் என்று அந்த இருவரும் சொல்லவில்லை. மனத்தில் தோன்றும் ஒரு நிலை என்றே சொன்னார்கள்.

நம்முடைய வழக்கில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. வஸ்வாஸ்!

தீவகத்துப் பிள்ளையும் அணு விஞ்ஞானமும்

நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை என்று நம் தீவகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் தேசிய மின்வலையமைப்பில் சேராமல் நீண்ட காலம் டீசல் மின்பிறப்பாக்கிகளையே நம்பியிருந்தவை. சூரிய ஒளி, காற்று, மின்கலம் ஆகியவற்றைச் சேர்த்து இந்த மூன்று தீவுகளுக்கும் மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்து, உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்காக யாழ் நகருக்குப் போய் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள்.

அப்படிப்பட்ட ஒரு பிள்ளை அணு விஞ்ஞானத் துறைக்குள் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் இன்னும் ஓர் அணுமின் நிலையம் கூட இல்லை. ஆனால் அணு சார்ந்த தொழில்கள் உண்டு. 1969இல் சட்டம் இயற்றி அணுசக்தி அதிகார சபை அமைக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டின் சட்டம் அதன் பணிகளை அணுசக்திச் சபை என்றும் ஒழுங்குபடுத்தும் பேரவை என்றும் இரண்டாகப் பிரித்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணு விஞ்ஞானத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மகரகமையிலும், 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலும் கதிர்வீச்சை அளந்து கொடுக்க அறிவுள்ளவர்கள் வேண்டும். வெளிநாடு போய் அணு உலைப் பொறியியல் படிப்போரும் இருக்கிறார்கள்.

அங்கே அவளைச் சுற்றியிருப்போர் வேறு பாஷை பேசுகிறார்கள். பர்தா அணிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்தியாகவே இருக்கலாம். அவளுடைய குடும்பத்தில் பொறியியலாளர் என்று முன்பு யாரும் இருந்ததில்லை. அப்படியான இடத்தில் “இது என்னுடைய இடந்தானா?” என்ற கேள்வி எழுவது இயல்பு. அதை முழுக்க அவளுடைய மனப்பலவீனம் என்று சொல்வது நியாயமல்ல. தன்னைப் போன்ற ஒருவரையும் காணாத இடத்தில் எவருக்கும் அந்நியம் தோன்றும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து சில மணி நேர அவகாசத்தில் விரட்டப்பட்டு, புத்தளத்து முகாம்களில் கிடுகுக் கொட்டிலில் இருந்து படித்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போன இடத்திலும் அந்நியம், திரும்பி வந்த இடத்திலும் அந்நியம் என்ற உணர்வு அவர்களுக்குப் பழக்கமானது.

கடலுக்கு அப்பால் ஒரு படகுக்காரரின் மகன்

நெடுந்தீவின் மேற்குக் கரையில் நின்றால், கடலுக்கு அப்பால் ஏறத்தாழ 50 கிலோமீற்றரில் இராமேஸ்வரம். அங்கே படகு வைத்திருந்த ஜைனுலாப்தீன் என்பவரின் மகனாக 1931இல் பிறந்தவர்தான் டொக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம். நம்முடைய தீவுகளைப் போலவே உப்புக் காற்றும் படகும் மீனும் உள்ள ஊர். அவர் அணுப் பொறியியலாளர் அல்லர். விமானப் பொறியியல் படித்து ரொக்கெட் துறைக்குப் போனவர். பின்னாளில், 1998 மே மாதத்து இந்திய அணுச் சோதனைகளில் அணுசக்தித் துறையினரோடு சேர்ந்து பொறுப்பு வகித்தார். அணுகுண்டு சரியா தவறா என்பது வேறு விவாதம். இங்கே நமக்கு வேண்டியது அவருடைய இரண்டு தோல்விகள்.

1958இல் விமானப்படையில் விமானியாகச் சேர நேர்முகத்துக்குப் போனார். 8 இடங்கள் இருந்தன. அவருக்குக் கிடைத்தது 9ஆவது இடம். மனம் உடைந்து திரும்பினார். அடுத்தது 1979 ஓகஸ்ட் 10. அவர் தலைமையேற்றுச் செய்த எஸ்.எல்.வி-3 ரொக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஏவுவதற்குச் சற்று முன்பு கணினி ‘நிறுத்து’ என்று காட்டியது. கூடியிருந்த நிபுணர்கள் ‘பரவாயில்லை’ என்றார்கள். ஏவச் சொன்னவர் தாமே என்பதைக் கலாம் பிற்காலத்தில் எத்தனையோ கூட்டங்களில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் அவரைத் தனியாக நிற்க விடாமல், நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் தாமே முன்வந்து தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18இல் அதே ரொக்கெட் வெற்றி கண்டபோது, “நீங்கள் போய்ப் பேசுங்கள்” என்று கலாமை அனுப்பினார்.

கணினியின் எச்சரிக்கையை மீறியது ஒரு தவறான முடிவு. ஆனால் அந்த ஒரு முடிவு கலாமைப் போலி ஆக்கிவிட்டதா? இல்லை. அவர் செய்த வேலையில் பிழை இருந்தது. அதைத் தேடிப் பிடித்துத் திருத்தினார்கள். வேலையில் பிழை வருவது ஒன்று, ஆளே பிழை என்பது இன்னொன்று. வஸ்வாஸ் பிடித்த பிள்ளை இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறாள். 2012 ஜனவரியில் கலாம் யாழ்ப்பாணத்துக்கு வந்து மாணவர்களிடம் பேசியதை நம்மில் பலர் நினைவு வைத்திருக்கிறோம். அந்த மேடையில் நின்றவர் ஒரு காலத்தில் 9ஆவது இடத்துக்காரர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஸமீரா மூஸா

ஆண்களுக்குச் சரி, நம் பெண்களில் யாரேனும் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 1917இல் எகிப்தின் ஒரு கிராமத்தில் பிறந்தவர் ஸமீரா மூஸா. சிறு வயதிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மகளின் படிப்பை நினைத்துத் தந்தை குடும்பத்தோடு கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்தார். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் கற்று 1939இல் சிறப்பாகத் தேறினார். அக்காலத்தில் அங்கே கற்பிக்கும் பணியில் பெண்கள் இல்லை. பீடாதிபதியாக இருந்த அலீ முஸ்தஃபா முஷர்ரஃபா எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் அவருக்காகப் பிடிவாதமாக நின்று நியமனம் பெற்றுக்கொடுத்தார். கதிர்வீச்சைப் பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற ஸமீரா, அணுவின் சக்தி வைத்தியத்துக்குப் பயன்பட வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1952 ஓகஸ்டில் அமெரிக்காவில் ஒரு வாகன விபத்தில் 35 வயதில் மரணமடைந்தார்.

இந்த வரலாற்றில் நான் உங்களிடம் காட்ட விரும்புவது அந்தத் தந்தையையும் ஆசிரியரையுந்தான். “உனக்கு இது இடமில்லை” என்று உலகம் சொன்னபோது, “இடம் உண்டு” என்று சொல்ல அவருக்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

அணு உலை சொல்லித்தரும் பாடம்

“எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், யாரையும் கேட்கக் கூடாது” என்பதே இந்த வஸ்வாஸின் வேர். ஆனால் அணு உலையைப் போல இந்த எண்ணத்துக்கு எதிரான இடம் வேறில்லை.

தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் 1983இலும் கூடங்குளத்தில் 2013இலும் முதல் மின் உலைகள் இயங்கத் தொடங்கின. அப்படியான ஓர் உலையில் நீரின் இரசாயனம் அறிந்தவர் ஒருவர். உலோகம் அறிந்தவர் இன்னொருவர். அளவுக் கருவிகளைப் பார்ப்பவர் வேறொருவர். கதிர்வீச்சிலிருந்து ஊழியரைக் காப்பவர் மற்றொருவர். உலை முழுவதையும் தலைக்குள் வைத்திருக்கும் மனிதர் உலகத்தில் இல்லை. மனிதர் பிழை விடுவார்கள் என்று முன்கூட்டியே எண்ணித்தான் ஒரு பாதுகாப்புக்குப் பின்னால் இன்னொரு பாதுகாப்பு வைக்கிறார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் சரிபார்க்கிறார். அதில் யாருக்கும் அவமானமில்லை. நம் ஹதீஸ் கலை இமாம்கள் எவ்வளவு பக்தியுள்ள அறிவிப்பாளரையும் விசாரிக்காமல் விட்டதில்லை அல்லவா? அதைப் போலத்தான்.

கேட்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். மூட வேண்டிய ஒரு வால்வு திறந்தபடியே இறுகிவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கோ, வால்வு மூடிவிட்டதைப் போலக் காட்டியது. உண்மையில் அந்த விளக்கு ‘மூடு’ என்ற கட்டளை போனதைத்தான் காட்டும்; மூடியதா என்பதைக் காட்டாது. உலையின் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. அங்கிருந்தவர்களோ நீர் அதிகமாக இருப்பதாக எண்ணி, அவசர நீரைக் குறைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல் இப்படிக் கழிந்தது. பிறகு அடுத்த முறை வேலைக்கு வந்த ஒருவர் புதிய கண்ணோடு பார்த்தார். அந்த வால்வின் மீது அவருக்குச் சந்தேகம் வந்தது. அதே குழாயிலிருந்த இன்னொரு வால்வை மூடச் செய்தார். கசிவு நின்றது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது; உலையின் எரிபொருளில் ஏறக்குறைய பாதி உருகிப்போனதாகப் பின்னர் கண்டறிந்தார்கள்.

பார்த்தீர்களா? பல மணி நேரம் நின்றவர்களுக்குப் புலப்படாதது புதிதாக வந்தவருக்குப் புலப்பட்டது. 1986இல் செர்னோபில் விபத்து நடந்த பிறகு, சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் நிபுணர் குழு 1991இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அணு உலையில் வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் அது மூன்று குணங்களை எதிர்பார்க்கிறது: கேள்வி கேட்கும் மனம், நிதானமும் கவனமும் உள்ள வேலை, ஒளிக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லுதல். ஆக, “எனக்கு விளங்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்பது அந்தத் தொழிலின் கடமை. தெரியாததை மறைப்பதுதான் அங்கே ஆபத்து. மானம் போய்விடுமே என்று பயந்து வாய் மூடியிருக்கும் பிள்ளை, தன்னை மட்டுமல்ல, பிறரையும் ஆபத்தில் விடுகிறாள்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஒரு முறை நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு “லா அத்ரீ”, எனக்குத் தெரியாது, என்றே அவர்கள் பதில் சொன்னதாக வரலாற்றில் படிக்கிறோம். மதீனாவின் இமாமுக்கே “தெரியாது” என்ற சொல் கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை. நேற்றுப் பட்டம் பெற்ற நம் பிள்ளைக்கு அது ஏன் தோன்ற வேண்டும்?

வுழூவின் சட்டம்

மனத்துக்குள் எழும் சந்தேகத்தை என்ன செய்வது? இதற்கான விடை உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டத்திலேயே இருக்கிறது.

ஒரு பெண் வுழூச் செய்தது நிச்சயம். பிறகு “முறிந்துவிட்டதோ?” என்று ஒரு சந்தேகம் வருகிறது. முறிந்ததற்கு அடையாளம் ஒன்றுமில்லை. அவளுடைய நிலை என்ன? வுழூவுடன்தான் இருக்கிறாள். நிச்சயமாக அறிந்த ஒன்று வெறும் சந்தேகத்தால் நீங்கிவிடாது என்பது ஃபிக்ஹுச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. சந்தேகத்துக்கு இடங்கொடுத்துத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவளுக்கு நிம்மதி வராது, வஸ்வாஸ்தான் முற்றும்.

இந்தச் சட்டத்தை அந்தப் பிள்ளையின் தொழிலுக்கு வைத்துப் பாருங்கள். அவள் பரீட்சை எழுதியது நிச்சயம். அதைத் திருத்தியவர்கள் அவளை அறியாதவர்கள். பயிற்சி முடித்ததற்கும் செய்த வேலைக்கும் ஆதாரம் இருக்கிறது. அணு உலையைக் கையாள்வோரைச் சும்மா விடுவதில்லை; மாதிரிக் கட்டுப்பாட்டு அறையில் பயிற்றுவித்து, சோதித்து, அனுமதி கொடுத்த பின்பே அமர்த்துகிறார்கள்; காலத்துக்குக் காலம் மறுபடியும் சோதிக்கிறார்கள். இவையெல்லாம் நிச்சயமானவை. நடு இரவில் தோன்றும் “நான் போலியோ?” என்பது சந்தேகம். எது எதை நீக்க வேண்டும்?

ஆனால் ஓர் எச்சரிக்கை. முறிந்ததற்கு உண்மையான அடையாளம் இருந்தால் மறுபடியும் வுழூச் செய்யத்தான் வேண்டும். அதுபோல, ஒரு கணக்கு உண்மையில் தெரியாவிட்டால் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். “எனக்கு இந்தக் கணக்குத் தெரியாது” என்பது மருந்துள்ள பேச்சு, படித்தால் தீரும். “எனக்குத் தகுதியே இல்லை” என்பது எவ்வளவு படித்தாலும் தீராத பேச்சு.

ஹன்ழலா (ரலி) செய்தது

ஸஹாபி ஹன்ழலா (ரலி) அவர்களின் சம்பவத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நபி (ஸல்) அவர்களின் சபையில் இருக்கும்போது உள்ளம் ஒருவிதமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து மனைவி மக்களோடு சேர்ந்துவிட்டால் அந்த நிலை மாறிவிடுகிறது. ஆகவே தாம் முனாஃபிக் ஆகிவிட்டோமோ, அதாவது வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமான போலியோ, என்று அவர்கள் நடுங்கினார்கள். அந்தப் பயத்தை மறைத்து வைக்காமல் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அவர்களோ, தமக்கும் அதே நிலை உண்டு என்றார்கள்! இருவரும் நபியவர்களிடம் சென்றார்கள். மனித உள்ளம் எப்போதும் ஒரே நிலையில் இருப்பதில்லை, இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்று நபியவர்கள் ஆறுதல் கூறி அனுப்பினார்கள்.

ஹன்ழலா (ரலி) வாய் திறந்து சொன்னதால்தான், தம்மைவிட மேலான ஒருவருக்கும் அதே பயம் உண்டு என்று தெரிந்தது. உண்மையான முனாஃபிக்குக்கு இந்தப் பயம் வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். கிளான்ஸும் ஐம்ஸும், இப்படிப்பட்ட பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது பலனளிக்கும் என்றுதான் எழுதினார்கள். ஆகவே தொழிலில் இருக்கும் சகோதரியே, உன் துறையில் உனக்கு மூத்த, நம்பிக்கையான ஒருவரிடம் இதைச் சொல். அவரும் ஒரு காலத்தில் இப்படி நடுங்கியவராக இருக்கக் கூடும். ஒரு கொப்பி வைத்து, இன்று விளங்காதவற்றை ஒரு பக்கத்தில் எழுது. விளங்கிய பின் அடுத்த பக்கத்துக்கு மாற்று. ஆறு மாதம் கழித்து அந்தக் கொப்பி உனக்காகச் சாட்சி சொல்லும். பாராட்டு வந்தால் “அதிர்ஷ்டம்” என்று தள்ளிவிடாமல், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி ஏற்றுக்கொள். தகுதியிருந்தும் பதவி உயர்வை இந்தப் பயத்தினால் மறுத்துவிடாதே. பணிவு என்பது உன்னிடம் இருப்பதை அல்லாஹ் தந்தது என்று அறிவது. இருப்பதையே இல்லை என்று சொல்வது பணிவாகாது.

தாய்மார்களுக்கு

தாய்மார்களே, பிள்ளை தொலைபேசியில் இந்தப் பயத்தைச் சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? “ஊரே உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, எங்கள் மானத்தைக் காப்பாற்று” என்கிறோம். அல்லது “அவ்வளவு கஷ்டமென்றால் விட்டுவிட்டு வா, கலியாணம் பேசுவோம்” என்கிறோம். முதல் பேச்சு அவள் தலையில் இன்னும் பாரத்தை வைக்கிறது. இரண்டாவது பேச்சு, அவளுக்குத் தகுதியில்லை என்று நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. கலியாணம் அதன் நேரத்தில் நடக்கட்டும். பயத்துக்கு மருந்தாக அதைக் கொடுக்காதீர்கள்.

அணு உலை பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. “இன்றைக்குப் புதிதாக என்ன படித்தாய்? யாரிடம் கேட்டாய்?” என்று விசாரியுங்கள். வீட்டில் பிழை விட்ட பிள்ளையை “நீ எதற்கும் லாயக்கில்லை” என்று ஏசாமல், செய்த பிழையை மட்டும் சுட்டிக்காட்டுங்கள். சிறு வயதில் கேட்ட ஏச்சுத்தான் பெரிய வயதில் உள்ளிருந்து பேசுகிறது. தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வாழவே விருப்பமில்லை என்ற அளவுக்குப் பிள்ளை போய்விட்டால் தாமதியாமல் டொக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள். உடலுக்கு வைத்தியம் செய்வது போல உள்ளத்துக்கும் செய்வதில் வெட்கமில்லை.

ஸமீரா மூஸாவின் தந்தை விஞ்ஞானி அல்லர். மகளுடைய படிப்புக்காக ஊரை விட்டுப் பெயர்ந்தார், அவ்வளவுதான். நம் தீவுகளிலிருந்து படகேறிப் போகும் பிள்ளைகளுக்கும் அப்படி ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைச் சுமக்கும் திடமான உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.